வியர்வையின் சாட்சியம்

புதுச்சேரி தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டைகளோடு வரும் விவசாயியின் கண், தராசைவிட ஈரப்பதம் பார்க்கும் மிஷின் மேல்தான் அதிகம் நிற்கும். மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு கை நெல் எடுத்து அதில் போடுவார்கள். சில நொடிகளில் ஓர் எண் வரும். அரசுக் கொள்முதலுக்கு 17 சதவீதம் வரம்பு. அதைத் தாண்டினால் விலையோடு போராட வேண்டும், இல்லாவிட்டால் நெல்லை மறுபடி களத்தில் கொட்டிக் காய வைக்க வேண்டும்.

அந்த மிஷின் தண்ணீரை நேராக அளப்பதில்லை. நெல்லின் மின் பண்பு ஈரத்துக்கேற்ப மாறும். மிஷின் அளப்பது அந்த மாற்றத்தை. ஈரம் எவ்வளவு என்பது அதிலிருந்து எட்டும் கணிப்பு. ஆனாலும் அதை நம்பலாம். அதே நெல்லை ஆய்வகத்தில் உலர்த்தி, உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, உண்மையான ஈரம் இவ்வளவு என்று கண்டு, அந்த எண்ணோடு மிஷினைச் சரிபார்த்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மறுபடியும் சரிபார்க்கலாம். மறைமுகமாக அளக்கும் எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு மூல அளவு பின்னால் நிற்க வேண்டும்.

பொய்யை அளப்பதாகச் சொல்லும் பாலிகிராஃப் கருவிக்குப் பின்னால் நிற்பது எது? இந்த அத்தியாயத்தின் கேள்வி அதுதான். நீதிமன்றத்தில் அதற்கு என்ன இடம் என்று நிறையப் பேசியாயிற்று. நான் எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஓர் இடத்தை: ஊக்கமருந்து எடுத்ததாகவோ ஆட்டத்தை விற்றதாகவோ குற்றம் சுமத்தப்பட்ட விளையாட்டு வீரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும் ஒழுங்கு விசாரணை அறையை.

முதலில் கருவி. சோதனைக்கு உட்படுபவரை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நெஞ்சைச் சுற்றி ஒன்றும் வயிற்றைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு குழாய்ப் பட்டைகள் மூச்சைப் பதிவு செய்யும். மேற்கையில், டாக்டர் பி.பி. பார்க்கும்போது கட்டுவது போன்ற பட்டை. இரண்டு விரல்களில் மாட்டிய தகடுகள் தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கும். மனம் சலனப்பட்டால் பரிவு நரம்பு மண்டலம் வியர்வைச் சுரப்பிகளை முடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம் கசிந்தாலே தோலின் மின்கடத்தல் உயர்ந்துவிடும். மூன்று பதிவுகளிலும் அதிகம் நம்பப்படுவது இந்த வியர்வைப் பதிவுதான்.

கேள்விகளைத் திடீரென்று வீசித் திணற அடிப்பார்கள் என்று சினிமா பார்த்து நினைக்கிறோம். நடைமுறை வேறு. கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே படித்துக் காட்டி விளக்குவார்கள். கேள்விகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, குற்றத்தை நேராகத் தொடுவது: ‘அந்த மருந்தைத் தெரிந்தே உட்கொண்டீர்களா?’ மற்றது ஒப்பீட்டுக் கேள்வி: ‘உங்களை நம்பிய யாரையாவது எப்போதாவது ஏமாற்றியிருக்கிறீர்களா?’ இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று சொல்பவர் பெரும்பாலும் பொய்தான் சொல்வார், அல்லது நிச்சயமில்லாமல் தவிப்பார். குற்றமற்றவரை இந்தக் கேள்வி அதிகம் உறுத்தும், குற்றவாளியை முதல் கேள்வி அதிகம் உறுத்தும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை. இரண்டு கேள்விகளுக்கும் உடல் காட்டும் அசைவுகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் கூட்டுத்தொகை கூட்டல் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் உண்மை, கழித்தல் 6 அல்லது அதற்குக் கீழே போனால் பொய், இடையில் நின்றால் முடிவு இல்லை.

உடல் காட்டியது பதற்றம். அது பொய்யால் வந்த பதற்றமா, தன்னை யாரும் நம்பப்போவதில்லை என்ற பயத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்த வரைபடத்தில் எதுவும் இல்லை. பொய்க்கென்று தனியாக ஒரு வியர்வை கிடையாது. பத்து ஆண்டுகள் ஓடிச் சேர்த்த பெயர் ஒரே கடிதத்தில் போய்விட்ட பெண்ணிடம் ‘மருந்தை எடுத்தாயா?’ என்று கேட்டால், எடுக்காதவளாக இருந்தாலும் அவள் கை வியர்க்காதா?

அமெரிக்காவில் 1910-களில் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்றார். 1921-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி காவல்துறையில் ஜான் லார்சன் மூச்சையும் சேர்த்துத் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவியைக் கட்டினார். 1923-இலேயே, ஃப்ரை என்பவரின் கொலை வழக்கில் மார்ஸ்டனின் சோதனையை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. நூறாண்டு ஆகியும் சர்ச்சை தீரவில்லை என்பதே ஒரு செய்திதான்.

தீராததற்குக் காரணம் உண்டு. நெல்லுக்கு இருப்பது போன்ற மூல அளவு இங்கே இல்லை. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களை விட்டு ஒரு பொருளைத் திருடச் சொல்லிச் சோதித்தால், யார் திருடியவர் என்பது தெரியும். ஆனால் அவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை, பயமும் இல்லை. நிஜ வழக்குகளை எடுத்தால் பயம் இருக்கும்; உண்மை எது என்று உறுதியாகத் தெரியாது. அதனால் பல ஆய்வுகள் ஒப்புதல் வாக்குமூலத்தை உண்மைக்கு அளவாகக் கொண்டன. இங்கேதான் சிக்கல். சோதனையில் தோற்றவரைத்தான் போலீஸ் நெருக்குகிறது, தோற்றவர்தான் ஒப்புக்கொள்கிறார். சோதனையில் வென்று வெளியேறிய குற்றவாளியும், தோற்றும் ஒப்புக்கொள்ளாத நிரபராதியும் கணக்கிலேயே வருவதில்லை. கருவி தவறிய இடங்கள் இப்படிக் கழிந்துவிடுவதால் மிச்சமிருக்கும் வழக்குகளில் அது பிரமாதமாகத் தெரிகிறது.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2003-இல் வெளியிட்ட அறிக்கை இந்த ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்தது. ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றி, ஏமாற்றும் தந்திரங்களில் பயிற்சி இல்லாதவர்களைக் கேட்கும்போது, குருட்டாம்போக்கான ஊகத்தைவிட இந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பிழையின்மைக்கு வெகு தொலைவில் நிற்கிறது என்றது. அதே அறிக்கை ஒரு கணக்கும் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 ஒற்றர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10-இல் 8 பேர் அகப்படும்படி கருவியை அமைத்தால், அவர்களோடு சுமார் 1,600 நிரபராதிகளும் அகப்படுவார்கள்.

தந்திரங்களைக் கற்பதும் கடினமில்லை. ஒப்பீட்டுக் கேள்வி வரும்போது நாக்கைக் கடிப்பது, கால் விரலை அழுத்துவது, மனத்துக்குள் ஏழேழாகக் கழித்து எண்ணுவது. ஓஹையோ மாநிலத்தில் பாலிகிராஃபில் தோற்றுத் தவறாகச் சிறை சென்ற ஃப்ளாய்ட் ஃபே, சோதனைக்கு உட்படவிருந்த 27 சக கைதிகளுக்கு இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தார். 23 பேர் தப்பினார்கள். விளையாட்டு வீரரோ மூச்சை ஆளப் பழகியவர். துப்பாக்கி சுடுபவரும் வில் எய்பவரும் படபடப்பை அடக்குவதையே ஆண்டுக்கணக்கில் பயில்கிறார்கள். அவரவர் உடலை அவரவரோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்பதால், இதயம் மெதுவாகத் துடிப்பதால் மட்டும் வீரருக்கு லாபமில்லை. எந்த நொடியில் உடலைக் கிளறுவது, எந்த நொடியில் அடக்குவது என்று தெரிந்திருப்பதில்தான் லாபம்.

இப்போது விசாரணை அறைக்குள் போவோம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம் வென்ற மேரியன் ஜோன்ஸ், 2004-இல் ஊக்கமருந்துச் சந்தேகம் சூழ்ந்தபோது தன் வழக்கறிஞர்கள் ஏற்பாடு செய்த பாலிகிராஃபில் தேறியதாக அறிவித்தார். 2007 அக்டோபரில் நீதிமன்றத்தில் நின்று, மருந்து எடுத்ததை மறைத்துப் புலனாய்வாளர்களிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் போயின, சிறைக்கும் சென்றார். சொந்தத் தரப்பு ஏற்பாடு செய்யும் சோதனைக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. தோற்றால் அந்தத் தாள் பெட்டிக்குள் போகும், யாருக்கும் தெரியாது. வென்றால் மட்டுமே வெளியே வரும். இழப்பில்லாத இடத்தில் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் இந்தக் கருவி அளக்க அதிகம் எதுவும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய வழக்கு ஆல்பெர்தோ கொன்தாதோருடையது. 2010 ஜூலை 21, தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஓய்வு நாளில், பிரான்சின் போ நகரில் எடுத்த அவருடைய சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்தான கிளென்பியூட்டரால் இருந்தது. அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஸ்பெயினிலிருந்து வாங்கிவந்த மாட்டிறைச்சியில் கலந்திருக்க வேண்டும் என்றார் கொன்தாதோர். ஸ்பெயின் சைக்கிள் கூட்டமைப்பு 2011 பிப்ரவரியில் அவரை விடுவித்தது. சர்வதேச சைக்கிள் சங்கமும், ‘வாடா’ எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையும் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு சென்றன. 2011 மே மாதம் கொன்தாதோர் பாலிகிராஃபுக்கு உட்பட்டார், தேறினார், முடிவைத் தாக்கல் செய்தார். அதை ஏற்கவே கூடாது என்றது வாடா.

முன்னுதாரணம் வாடாவின் பக்கம்தான் இருந்தது. 2008-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் இதே தீர்ப்பாயம், சுவிஸ் சட்டப்படி பாலிகிராஃப் தன்னளவில் சான்றாகாது என்று சொல்லியிருந்தது. கொன்தாதோர் வழக்கின் நடுவர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். ஊக்கமருந்து விதிகளிலேயே, உண்மைகளை ‘நம்பத்தகுந்த எந்த வழியிலும்’ நிறுவலாம் என்று இருக்கிறது. நீதிபதி சான்றுகளைத் தன் மனத்தெளிவுக்கேற்ப எடை போடலாம் என்ற ஐரோப்பிய மரபு அது. ஃபிரெஞ்சு நீதிமன்றங்களைப் பார்த்த புதுச்சேரிக்கு அந்நியமானதும் அல்ல. ஆகவே நடுவர்கள் சோதனை முடிவை உள்ளே விட்டார்கள். வீரரின் சொல்லுக்கு அது ஓரளவு வலு சேர்க்கிறது. ஆனால் அந்தச் சொல்லை மற்ற எல்லாச் சான்றுகளோடும் உரசிப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள்.

உரசிப் பார்த்தபோது இறைச்சிக் கதை நிற்கவில்லை. ஐரோப்பாவில் கால்நடைகளைக் கொழுக்க வைக்கக் கிளென்பியூட்டரால் கொடுப்பது தடைசெய்யப்பட்டது, சோதனைகளும் கடுமை. ரத்தம் ஏற்றிக்கொண்டார் என்ற எதிர்த்தரப்பின் கதையும் நிற்கவில்லை. கலப்படமான ஊட்டச்சத்துப் பொருளிலிருந்து வந்திருக்கலாம் என்பதே கூடுதல் சாத்தியம் என்று நடுவர்கள் கருதினார்கள். 2012 பிப்ரவரி 6 அன்று இரண்டாண்டுத் தடை விதித்தார்கள். 2010 பட்டம் ஆண்டி ஷ்லெக்குக்குப் போனது.

இந்தத் தீர்ப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நடுவர்கள் கருதியபடி கலப்படப் பொருள்தான் காரணமென்றால், தனக்குத் தெரியாமல் விழுங்கியவர் ‘தெரிந்தே எடுக்கவில்லை’ என்று சொன்னது முழு உண்மை. கருவியும் அவர் சொல்வது உண்மை என்றது. அப்படியும் தண்டனை. ஏனென்றால் ஊக்கமருந்துச் சட்டம் மனத்தைக் கேட்பதில்லை; உடலுக்குள் என்ன இருந்தது, எப்படி வந்தது என்று கேட்கிறது. பாலிகிராஃபோ, அதன் ஆதரவாளர்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டாலும், ஒருவர் நம்புவதைத்தான் சொல்ல முடியும். டப்பாவில் என்ன கலந்திருந்தது என்பதை அந்தப் பட்டைகளும் தகடுகளும் எங்கிருந்து அறியும்?

மனம் நுழையும் கதவு ஒன்று பிறகு திறந்தது. 2015 முதல் நடைமுறைக்கு வந்த வாடா விதிப்படி, அனபாலிக் ஸ்டீராய்டு போன்ற பொருள் அகப்பட்டால் தடை நான்கு ஆண்டு. வேண்டுமென்று செய்யவில்லை என்று வீரர் நிறுவினால் இரண்டு. நிறுவும் பொறுப்பு வீரருடையது. தன் நெஞ்சுக்குள் இல்லாத ஓர் எண்ணத்தை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? கருவியைத் தேடி ஓடும் வீரரை நான் குறை சொல்லமாட்டேன். வேறு எந்தக் கதவும் திறக்காதபோது ஓடுகிறார்.

நம் ஊர்க் கதைகளைப் பார்த்தால் இது விளங்கும். திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹா ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்றபோது தமிழகமே கொண்டாடியது. நான்ட்ரலோன் சார்ந்த பொருள் அவருடைய மாதிரிகளில் இருந்ததாக முடிவு வந்தது. தவறு செய்யவில்லை என்று அவர் மறுத்தார். 2020-இல் நான்காண்டுத் தடையும் பதக்கப் பறிப்பும் உறுதியாயின. மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ், ரியோ ஒலிம்பிக்குக்கு முன் தன் உணவில் யாரோ மருந்தைக் கலந்துவிட்டதாகச் சொன்னார். ‘நாடா’ எனப்படும் தேசிய முகமையின் ஒழுங்குக் குழு அதை நம்பி 2016 ஆகஸ்ட் 1-இல் விடுவித்தது. அவர் களமிறங்கவிருந்த நாளுக்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 18-இல், ரியோவில் கூடிய நடுவர் தீர்ப்பாயம் நான்காண்டுத் தடை விதித்தது. சதிக்குச் சான்று எங்கே என்று அது கேட்டது. மாத்திரையாக விழுங்கினால்தான் இந்த அளவு வரும் என்று மருந்து வல்லுநர் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டது. வேதியியல் பேசும் இடத்தில் வியர்வையின் சொல் எடுபடாது.

கிரிக்கெட்டின் சூதாட்டப் புகார்களில் நிலைமை இன்னும் ஆபத்தானது. அங்கே சிறுநீர் மாதிரி கிடையாது. ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல். 2011-இல் ஸ்டீவ் வாஹ் தானே பாலிகிராஃபுக்கு உட்பட்டு, சூதாட்டத்தை ஒழிக்க இது உதவும் என்று முன்வைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஐபிஎல் சூதாட்டப் புகாரை நினைத்துப் பாருங்கள். 2013 மே மாதம் கைதான ஸ்ரீசாந்தை 2015-இல் டெல்லி நீதிமன்றம் விடுவித்தது. கிரிக்கெட் வாரியத்தின் வாழ்நாள் தடை மட்டும் நீடித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையின் அளவை மறுபரிசீலனை செய்யச் சொல்ல, அது ஏழாண்டாகக் குறைந்தது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவுக்கு உறுதியான நிரூபணத்தை ஒழுங்கு விசாரணை கேட்பதில்லை என்பதே இந்த இரு வேறு முடிவுகளுக்கும் காரணம். தராசின் தட்டு சிறிதளவு சாய்ந்தாலே தீர்ப்பு மாறும் இடத்தில், பலவீனமான சான்று கொண்டுவந்து வைப்பதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பாலிகிராஃபில் தோற்றதை வைத்துப் பரிசைப் பறித்த நிகழ்வும் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் ஓஷன் சிட்டியில் நடந்த மீன்பிடிப் போட்டியில் 76.5 பவுண்டு வெள்ளை மார்லினைப் பிடித்த அணிக்கு 28 லட்சம் டாலர் பரிசு. நம் கடலின் மயில்மீனுக்கு உறவான மீன் அது. குறித்த நேரத்துக்கு முன்பே தூண்டில் போட்டார்கள் என்று சந்தேகம் எழுந்தது. பாலிகிராஃபில் தேற வேண்டும் என்பது போட்டி விதி, அவர்கள் தேறவில்லை. 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றமும் அமைப்பாளர்கள் பக்கமே நின்றது. கையெழுத்துப் போட்டு ஏற்ற ஒப்பந்தம் என்பது பெரிய காரணம். பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு அது பொருந்தலாம். மாவட்ட அணியில் இடம் கிடைக்காதா என்று நிற்கும் பதினெட்டு வயதுப் பையன் போடும் கையெழுத்து அந்த வகை ஒப்புதல் ஆகாது.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2010 மே 5, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கு. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு, ஒருவரை அவர் விருப்பமின்றி பாலிகிராஃபுக்கோ நார்கோ சோதனைக்கோ உட்படுத்துவது அரசமைப்பின் 20(3), 21 ஆகிய கூறுகளுக்கு எதிரானது என்றது. அவராக முன்வந்தாலும் சோதனை முடிவு சான்றாகாது; அதன் வழியாகப் பிறகு கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோதான் சான்றாகலாம். திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் 2023-இல் பலருக்குச் சென்னையில் இந்தச் சோதனை நடந்ததும் துப்புத் தேடுவதற்கே. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள இந்தக் காப்பு, சங்கத்தின் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் விளையாட்டு வீரருக்கு யதார்த்தத்தில் இல்லை. ‘நீ நிரபராதி என்றால் சோதனைக்கு வரவேண்டியதுதானே?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், மறுப்பதே குற்றத்தின் அடையாளமாகிவிடும். அந்தக் கேள்வியை எந்த விசாரணைக் குழுவும் கேட்கக் கூடாது. வீரரே முடிவைக் கொண்டுவந்தாலும், கொன்தாதோர் வழக்கின் நடுவர்கள் கொடுத்த அந்தச் சிறு எடையைக்கூட நான் கொடுக்கமாட்டேன். தேறியதை ஏற்கத் தொடங்கினால், தேறாதவர்களையும் சோதனைக்கு வராதவர்களையும் அதே அளவுகோலில் நிறுத்த நெடுங்காலம் ஆகாது.

வாடாவின் 2023 கணக்கில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அந்த மாதிரிகளைக் கொடுத்தவர்களில் தெரிந்து எடுத்தவர் எத்தனை, யாரோ கொடுத்த பொடியைப் பாலில் கலக்கிக் குடித்தவர் எத்தனை என்று பிரிக்கும் கருவி எங்கும் இல்லை. இருப்பது காகிதம்தான். உப்பளம் மைதானத்திலும் லாஸ்பேட்டையிலும் காலையில் ஓடும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பயிற்சியாளர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இது: டப்பாவில் வாங்கும் எதற்கும் பில் வாங்குங்கள். அதில் அச்சிட்ட பேட்ச் எண்ணைப் போனில் படம் எடுத்துவையுங்கள். டப்பாவில் கொஞ்சம் மீதம் வைத்திருங்கள், முடிந்தால் அதே பேட்ச்சில் திறக்காத ஒன்றையும். டாக்டர் எழுதிய சீட்டை எறியாதீர்கள். மாதிரி எடுக்கும் நாளில் கொடுக்கும் படிவத்தில், ஏழு நாளில் உட்கொண்ட மாத்திரை, டானிக், பொடி எதையும் விடாமல் எழுதுங்கள். கடிதம் வந்தால், ‘பி’ மாதிரியைச் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கெடு முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள்.